தொடாமல் தொண்டாற்றிய கதை

தொப்பியைக் கழற்றாமலே தலைமை ஏற்றிருக்கும் விமானம் கட்டுவோர் சங்கத் தலைவர் அவர்களே! சொந்தக் கையால் சிறகு செய்யத் துணிந்த லிண்ட்ஹோம் நகரத்துச் சிங்கங்களே! கார் நிறுத்தும் கூடத்தைக் கணவனின் விமானத்துக்குக் கொடுத்துவிட்டு, மினசோட்டாப் பனியில் தங்கள் காரைச் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுத்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் காரின் ப்ரோக்மேன் என்னும் இந்தப் பெண்ணின் வணக்கம்.

விமானம் கட்டுவோருக்குக் கைகொடுப்பது என் தொழில். ஆனால் கையே கொடுக்காமல் நான் செய்த ஒரு வேலைக்காக இன்று என்னை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். விந்தையல்லவா இது?

நம் பல் மருத்துவர் வெண்டல் நூட்சன் விமானம் கட்டத் தொடங்கியபோது அவர் தலையில் முடி இருந்தது. முடி போயிற்று, முடிந்ததா விமானம்? இல்லை! வால் இருந்தது, வயிறு இல்லை. இறக்கை இருந்தது, இரண்டும் இடப்பக்கத்துக்கானவை! யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, உங்கள் கொட்டகையில் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

என்னை அழைத்தவர் அவர் மனைவி ஆர்டிஸ் அம்மையார். வாசலிலேயே மறித்தார் வெண்டல்.

"பாதிக்கு மேல என் கையால கட்டியிருக்கணும்மா. இல்லேன்னா கவர்மெண்ட்காரன் பறக்க விடமாட்டான். நீ தொட்டே, நான் கெட்டேன்!"

"தொடல டாக்டர். சொல்லித் தர்றேன். செய்யறது நீங்க."

சொல்லிவிட்டேனே தவிர, சும்மா இருக்குமா இந்தக் கை? கோணல் ஆணியைக் கண்டால் துடித்தது. தளர்ந்த திருகைக் கண்டால் தாவியது. பார்த்தார் ஆர்டிஸ். அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் தடித்த கையுறைகளைக் கொண்டுவந்து, என் இரு கைகளிலும் மாட்டி, மணிக்கட்டில் முடிச்சும் போட்டார். அந்தக் கோடை முழுவதும் நான் கோழிப்படம் போட்ட கையுறையோடு நின்றே பாடம் சொன்னேன். ஆர்டிஸ்தான் உருளைக்கிழங்குப் பண்டத்தை எனக்கு ஊட்டிவிட்டார்!

இறக்கை இணைந்தது. இயந்திரம் இசைந்தது. பறக்க அனுமதி தரும் அரசு ஆய்வாளர் ஹோல்ம்பெர்க் வந்தார். விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"ரொம்ப நல்லா இருக்கே. யார் பண்ணது?"

"நான்தான்" என்றார் வெண்டல். அத்தனை ஆண்டு உழைப்பும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது, அன்பர்களே!

"அப்படியா? என் கண்ணு முன்னால ஒரு ரிவெட் ஆணி அடிங்க பாப்போம்."

வெண்டல் தகரத்தின் முன் அமர்ந்தார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். தகரத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"கொஞ்சம் சுருக்குனு இருக்கும். அசையாதீங்க" என்றார், தகரத்திடம்!

அடித்தார். ஆணி அழகாக அமர்ந்தது. "அவ்வளவுதான். வாயக் கொப்பளிச்சுக்கோங்க."

ஆய்வாளர் ஆணியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "கூலிக்குச் செய்யறவன் எவனும் தகரத்தக் கொப்பளிக்கச் சொல்லமாட்டான். இது உங்க கைவேலதான், டாக்டர்."

கைதட்டுகிறீர்களா? பொறுங்கள், கதை இன்னும் தரையில்தான் நிற்கிறது!

பறக்கும் நாள் வந்தது. ஊரே ஓடுபாதையோரம் கூடியது. வெண்டல் இருக்கையில் ஏறினார். அமர்ந்தார். அமர்ந்தே இருந்தார். பிறகு என்னை அருகே அழைத்தார்.

"காரின், எனக்கு ஓட்டத் தெரியாது."

"என்னது?"

"கட்டி முடிச்சிட்டுக் கத்துக்கலாம்னு நினைச்சேன். முடியும்னு யாரு கண்டா?"

எனக்கும் ஓட்டத் தெரியாது, அவையோரே! கட்டத்தான் தெரியும். அவர் கண்ணில் நீர் தளும்பியது. அப்போது, "இறங்குங்க" என்றொரு குரல். ஆர்டிஸ்! கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார் விமானி உரிமத்தை!

"நீ எப்படி?"

"நீங்க சாயங்காலமெல்லாம் கொட்டகைல இருந்தீங்க. நான் என்ன, உக்காந்து ஸ்வெட்டரா பின்னிட்டிருந்தேன்?"

எழுந்ததய்யா விமானம்! சோள வயலுக்கு மேலே, தேவாலயக் கோபுரத்துக்கு மேலே, பறக்காது என்று பேசிய வாய்களுக்கெல்லாம் மேலே! வெண்டல் புல்லில் மண்டியிட்டு, அது சென்ற திசையெல்லாம் தலை திருப்பிக்கொண்டே இருந்தார்.

தரை தொட்டதும் ஓடினார். விமானத்தை அவர் பார்க்கவே இல்லை; மனைவியின் கையைத்தான் பிடித்தார்.

"என்னை எப்ப கூட்டிட்டுப் போவே?"

"சோதனைக் காலம் முடியட்டும், அதுவரைக்கும் கூட ஆள் ஏத்தக் கூடாது. அதுக்குள்ள நீங்களும் ஓட்டக் கத்துக்கோங்க. ஆனா ஒரு நல்ல வாத்தியார வச்சுக்கோங்க. புஸ்தகத்தப் பாத்து நீங்களா ஆரம்பிச்சிடாதீங்க!"

அன்பர்களே! தெரிந்தவரைக் கேட்பது தோல்வியா? கேட்காமல் துருப்பிடிப்பது வீரமா? போய்க் கேளுங்கள்! வாசற்கதவைத் தட்டிக் கேளுங்கள்! தட்டுமுன் வீட்டுக்குள்ளேயும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்!

பொறுமையாய்ச் செவி தந்த உங்களுக்கு நன்றி. காபி ஆறுகிறது; வானம் காத்திருக்கிறது. வணக்கம்!