கல் போடாத வாள்காரன்

அந்த நாற்காலியின் பின்கால் கொஞ்சம் ஆடும், டாக்டரம்மா. சாயாமல் உட்காருங்கள். காகிதத்தை மடித்து அடியில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், அதற்குள் வேறு வேலை வந்துவிடுகிறது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பேசும்போது நடுநடுவே எழுந்து போனால் தப்பாக நினைக்காதீர்கள்.

அண்ணனின் விரல் ஏன் நின்றுபோனது என்று கேட்கிறீர்கள். பயிற்சி கொடுக்கிறவர் நீங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அண்ணி கடைக்குப் போயிருக்கிறார். கட்டிலில் கிடக்கிறவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கேட்கட்டும், அவனுக்குத் தெரியாதது ஒன்றும் நான் சொல்லப்போவதில்லை.

அண்ணன் படுப்பதற்கு முன்னால் இந்த வீட்டில் நான் செல்லாக்காசு. எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், ஆனால் யோசனை கேட்டு யாரும் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனின் கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள், ஒரு தையல்காரரும் ஒரு எலெக்ட்ரீஷியனும். அண்ணியும் சேர்ந்துகொள்ள, ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். எலெக்ட்ரீஷியன் திருடன், தையல்காரர் மந்திரவாதி, அண்ணி வில்லுக்காரி. என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் வாயால் சொல்வார்கள், அது பலித்ததா என்று பகடை சொல்லும். கதை சொல்கிறவன் அண்ணன். பாதாளக் கோட்டையும் அதன் பாதைகளும் அதில் திரியும் ஜந்துக்களும் அவன் கட்டியவை. டீ கொண்டுவந்து வைப்பது என் வேலை.

அந்த ஜந்துக்களில் ஒன்று கொழகொழா. பெயர் வைத்தது எலெக்ட்ரீஷியன். ஒரு பாதையின் அகலமும் உயரமும் எவ்வளவோ அவ்வளவுக்கும் அடைத்துக்கொண்டு வரும் பாகு. உடம்பு முழுக்க அமிலம். ஆனால் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் எதிரில் நிற்பதே தெரியாது, காலிப் பாதை என்று நினைத்து நேராக உள்ளே நடந்துவிடுவார்கள். தொட்டதும் உடம்பு மரத்துப்போகும், அப்புறம் துணி, தோல், எலும்பு என்று ஒவ்வொன்றாகக் கரையும். அதனால் நீளமான வெறும் பாதையைக் கண்டால் முதலில் ஒரு கல்லை எறிந்து பார்க்க வேண்டும். கல் அந்தரத்தில் தொங்கினால் வந்த வழியே ஓட வேண்டும். "கல்லப் போடாம கால வைக்காதே" என்று அண்ணன் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் குளியலறை வழுக்கினால்கூட அதைத்தான் சொல்லுவோம்.

பிறகு பக்கவாதம் வந்து வாயும் உடம்பும் போயின. மிஞ்சியது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அசைவு. அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. அண்ணி முயன்று பார்த்தார், அவருக்குக் கை நடுங்கும், உடனே அழுகை வந்துவிடும். என் கைக்கு மட்டும் அது விளங்கியது.

"தம்பி, அவரு என்ன சொல்றாரு?"

காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அண்ணி இதைக் கேட்பார். வருகிற உறவுக்காரர்களும் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இனித்தது.

விளையாட்டை மறுபடி தொடங்கலாம் என்றது நான்தான், அதையும் மறந்துவிடாதீர்கள். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டோம். கதை சொல்வது நான், அண்ணனுக்கு வாள்காரன் வேடம். நான் கேட்பேன், அவன் தட்டுவான், நான் அறிவிப்பேன். அந்த ஒரு மதியம் மட்டும் அவன் நடந்தான், ஏறினான், வாள் வீசினான். ஒருநாள் அவனுக்குப் பகடை நன்றாக விழுந்தது. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அவனுடைய இடது கையின் சுண்டுவிரல் போர்வையை விட்டு மேலே எழும்பியதைப் பார்த்தேன். கண்ணால் பார்க்கக்கூடிய அசைவு. வேறு யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

"நல்லா வருதுங்க. அந்த விளையாட்ட மட்டும் விட்றாதீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல எழுத்துப் பலகையில ஒவ்வொரு எழுத்தா தொட்டுக் காட்டி அவரே பேசிடுவாரு" என்றீர்கள்.

அண்ணி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்தேன். எடுத்ததை மறுபடி கொடியில் போட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. எல்லா நேரமும் நான் உள்ளதை உள்ளபடி சொன்னவன் இல்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் போடட்டுமா என்று அண்ணி கேட்டதற்கு அவன் ஒரு முறை தட்டினான், நான் வேண்டாமாம் என்றேன். எனக்கு அந்தப் பக்கம் துடைப்பது சிரமம். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். அவன் விழுந்ததற்கு முந்தின நாள் அவனுக்கும் அண்ணிக்கும் ஏதோ சண்டை. "எம்மேல இன்னும் கோவமா இருக்காரா, கேளேன்" என்றார் அண்ணி. அவன் இரண்டு முறை தட்டினான். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அண்ணி அவன் பக்கத்தில் அதிக நேரம் உட்காருவதில்லை. எழுத்துப் பலகை வந்தால் அவன் முதலில் எதைச் சொல்வான் என்று உங்களுக்கே புரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாள்காரனை ஒரு நீளமான காலிப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அண்ணே, கல்லப் போடுறியா?"

ஒரு தட்டு. சந்தேகமே இல்லாத தட்டு.

"வேணாமாம். நேரா நடக்குறானாம்" என்றேன்.

எலெக்ட்ரீஷியன் எழுந்துவிட்டார். "டேய், உங்கண்ணன் கல்லப் போடாம போற ஆளாடா? சரியாப் பாரு."

"விரல் சொல்றதத்தானே நான் சொல்ல முடியும்?"

என் கைக்குள் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு, இரண்டு, மறுபடி இரண்டு. நான் வாள்காரனை நடக்கவிட்டேன். கொழகொழா அவனை வாங்கிக்கொண்டது. கதை சொல்கிறவன் அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்று அண்ணனே சொல்வான், அதனால் முழுக்கச் சொன்னேன். கைகால் மரத்துவிட்டது. கண் தெரிகிறது, காது கேட்கிறது. பின்னால் நிற்கிற கூட்டாளிகள் பேசுவதெல்லாம் விளங்குகிறது. கூப்பிடத்தான் வாய் இல்லை. தையல்காரர் கயிறு வீசினார். கதை சொல்கிறவன் முன்னால் நிறுத்தி வைக்கும் அட்டை மறைப்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் பகடையை உருட்டினேன். நன்றாகவே விழுந்தது. எட்டவில்லை என்று சொல்லிப் பகடையை எடுத்துவிட்டேன். இடது கை போர்வைக்கு வெளியே இருந்ததால், குளிரும் என்று போர்வையை இழுத்து மூடினேன்.

"போதும் தம்பி, நிறுத்து" என்றார் அண்ணி.

வாள்காரனின் பூட்ஸ் கரைவதிலிருந்து தொடங்கிக் கழுத்து வரைக்கும் வந்திருந்தேன். பாதியில் விட்டால்தான் பாவம். முடித்தேன். நான் முடிப்பதற்குள் விரல் நின்றுவிட்டது.

அவன் என்னைப் பார்ப்பதையும் அன்றோடு விட்டுவிட்டான். நீங்கள் வந்து கையைப் பிடித்து எவ்வளவோ கேட்டுப் பார்த்தீர்கள், ஒன்றும் இல்லை. அதற்காக அவனைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வேளை தவறாமல் புரட்டிப் போடுகிறேன், துடைக்கிறேன், ஊட்டுகிறேன். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. வெளியூர் மையத்தில் சேர்த்தால் இன்னும் வாய்ப்பிருக்கிறது என்றும், அவனுக்குச் சம்மதமா என்று கேட்டு வைக்கும்படியும் போன முறை சொல்லிவிட்டுப் போனீர்கள்.

இன்று காலை உள்ளங்கையை வைத்துக் கேட்டேன். வேண்டாம் என்கிறான்.