வாய்க்கு நேரம் போடாத திட்டம்

இப்படி வாசல்ல உக்காரு தம்பி, வண்டி எங்க ஓடிப்போயிடும், சாவி உன் கையிலதானே இருக்கு. டீயைக் குடி. குடிச்சதும் கிளம்பிடலாம். நான் எங்க வரமாட்டேன்னு சொன்னேன்? முதியோர் இல்லம்தானே, ஜெயிலா என்ன.

அவரா? அவரு பெயிண்டர். மாடியில என் அறைக்கு வர்ணம் அடிக்க வந்தவரு, ஏணியோட நிக்கிறாரு பாவம். மாடிப்படி பாதியில என் பீரோ மாட்டிக்கிட்டிருக்கு. அது நகராம அவரு மேல போக முடியாது. பீரோவை இறக்கத் தெருவுல இடமில்ல, அங்க என் கட்டில் கிடக்குது. கட்டிலை ஏத்தற லாரி தெருமுனையில நிக்குது. உன் வண்டி தெருவை அடைச்சிக்கிட்டிருக்கே, அது எப்படி உள்ள வரும்? கடைசில பாத்தா, நீ என்னைக் கூட்டிட்டுக் கிளம்பினா எல்லாம் சரியாப் போயிடும். குடி, குடி, சூடு ஆறுது.

இந்தத் திட்டத்தை மனுஷன் போடல தம்பி. மாப்பிள்ளையோட கம்ப்யூட்டர் போட்டது. என் பொண்ணைக் கட்டினவரு. செயற்கை அறிவுங்கறாங்களே, அதுதான் அவருக்குப் பிழைப்பு. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எது நடக்கும்போதே எதை ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டா, அது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் குடுத்துடுமாம். எனக்கே ஒருநாள் பாடம் எடுத்தாரு. மாமா, அரிசி வேகும்போதே காய் நறுக்கலாம், ஆனா வெந்து முடியற வரைக்கும் அடுப்பு எரியணும், பத்தவைக்கும்போது மட்டும் எரிஞ்சா போதாது, அதைச் சொல்ல மறந்தா திட்டம் பல்லிளிச்சிடும்னாரு.

நான் சும்மா இருப்பேனா? நான் ரயில்வேயில இருந்தப்போ ஓடற ரயில்ல சக்கரம் மாத்தினவன் மாப்பிள்ளை, உள்ள ஒருத்தருக்கும் காப்பி சிந்தலன்னேன்.

சிரிக்காத. நாலு சக்கரம். சரி, ரெண்டு. என் பொண்ணு அந்த ரெண்டையும் நம்பமாட்டா. சின்ன வயசுலேர்ந்து என் புளுகைக் கேட்டுப் புளிச்ச காது. எதைச் சொன்னாலும் சரிப்பா, சரிப்பாம்பா. அது மாப்பிள்ளைக்கு நல்லாத் தெரியும்.

அவ வேலை விஷயமா வெளியூர் போயிருக்கா. இன்னைக்குத் திரும்பி வர்றதுக்குள்ள என் அறை அவரோட ஆபீஸ் ஆயிடணுமாம். என்கிட்ட, உங்க பொண்ணுதான் மாமா உங்களை அங்க விடச் சொன்னா, நேர்ல சொல்ல அவளுக்கு வாய் வரலன்னாரு. அப்புறம் பால்கனியில நின்னு எவனோ சிநேகிதன்கிட்ட போன்ல, அவ வந்ததும் உங்கப்பாவே அடம் பிடிச்சுக் கிளம்பிட்டாருன்னு சொல்லிக்கலாம்டாங்கறாரு. எனக்குக் காது மந்தம்னு நினைப்பு. அதுவும் நான் விட்ட புளுகுதான்.

மாட்டேன்னு நான் குதிச்சிருந்தா வேற திட்டம் போட்டிருப்பாரு. சரி மாப்பிள்ளை, போறேன்னேன். கண்ணைக் கூடத் துடைச்சுக்கிட்டேன். உடனே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாரு, மாமாவோட சம்மதம் இருக்குன்னு. அந்தச் சம்மதம் வேலை முடியற வரைக்கும் எரியணும்னு போடல பாரு. அடுப்புப் பாடம் எடுத்த அதே ஆளு. நான் வாசப்படி இறங்க நேரம் போட்டிருக்காரு, செருப்பு மாட்ட, மூச்சு வாங்கக்கூட நேரம் போட்டிருக்காரு. வாய்க்குப் போடல.

உன் போன் அடிக்குதே, மாப்பிள்ளைதானா? எடுத்து, கிளம்பிட்டே இருக்காருன்னு சொல்லு. பொய்யில்லையே. ஆபீஸ்ல திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. கம்ப்யூட்டரும் புதுசு புதுசாத் திட்டம் போடும், எதைப் போட்டாலும் முதல் வேலை நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுதான்.

தூக்கிட்டு வரச் சொல்றாரா? தூக்கேன். பெயிண்டர் பாத்துக்கிட்டுதானே இருக்காரு.

கோவிச்சுக்காத தம்பி, உன்மேல எனக்கென்ன கோவம். அந்தக் கட்டில்லதான் என் பொண்டாட்டி கடைசி மூச்சு விட்டா. பழைய சாமான் கடைக்குப் போகுது அது. பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளை மூஞ்சி போற போக்கை ஒரு தடவை பாத்தாப் போதும்.

லாரிக்குப் பின்னாடி ஒரு டாக்சி வந்து நின்னுடுச்சு பாத்தியா? பொட்டியை இழுத்துக்கிட்டு நடந்தே வர்றாளே, அவதான் என் பொண்ணு. கட்டில்கிட்ட நின்னுட்டா. மெத்தையைத் தொட்டுப் பாக்கறா. இதுக்குத்தான் தம்பி உன்னை இவ்வளவு நேரம் உக்கார வச்சேன். நான் சொன்னா நம்பமாட்டா. கண்ணாலதான் பாக்கணும். டம்ளரைக் குடு.

வாம்மா. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஏன் அழற? இவரு என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. நீதான் அனுப்பச் சொன்னியாமே.