சரியான நாளில் உதித்த நிலா

ஒரு புத்தகத்தில் தவறே இல்லாமல் இருப்பது எப்படி ஒரு குறையாகும் என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. நீங்கள் வேறு ஏதேதோ கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் இதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும்.

என் அக்காவின் ஆறு நாவல்களும் ஒரே நாட்டில் நடப்பவை. எங்கும் இல்லாத நாடு. அங்கே இரண்டு நிலாக்கள். பெரியது இருபத்தொன்பது நாளுக்கு ஒருமுறை முழுதாகும், சின்னது பதினொரு நாளுக்கு ஒருமுறை. இரண்டும் ஒன்றாக முழுதாக வேண்டுமென்றால் முந்நூற்றுப் பத்தொன்பது நாள் காத்திருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்தேன். அக்காவின் நாட்டுக்கும் நானே வரைந்தேன். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குதிரையில் எத்தனை நாள், எந்தக் கணவாயைப் பனி எப்போது மூடும், எல்லாம் அட்டைகளில் எழுதியிருக்கிறது. நாலாயிரத்து இருநூறு அட்டைகள். கையை நீட்டினால் எந்த அட்டையும் அரை நிமிடத்தில் கிடைக்கும்.

அக்கா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரே கோடைக்குள் மூன்று தடவை இரண்டு நிலாவையும் சேர்த்து முழுதாக உதிக்க வைப்பாள். எடுத்துச் சொன்னால், "ஓடக்காரி அழுறாடா. அவ முகம் தெரிய வேண்டாமா? வெளிச்சத்துக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" என்பாள். ஓடக்காரிதான் கதாநாயகி. அச்சுக்குப் போகும் முன் நான் திருத்துவேன். அவள் என் திருத்தத்தை அடித்துவிட்டுச் சிரிப்பாள்.

ஞாயிறு காலைகளில் நூலகத்தின் மாடி அறையில் அவளுடைய வாசகர்கள் கூடுவார்கள். அக்கா போவதில்லை, அவள் சார்பில் நான் போவேன். என்னை 'மேப் சார்' என்று கூப்பிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூன்றாவது நாவலில் கோபுரச் சிறையில் அடைபட்டவர்கள் சுவரைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் 'இருக்கிறேன்'. இரண்டு என்றால் 'வேண்டாம்'. மூன்று என்றால் 'கதவைத் திற'. இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் ஒருவர் சொன்னது பிடிக்காவிட்டால் மேஜையில் இரண்டு தட்டுவார்கள். நல்ல மனிதர்கள்தான்.

ஏழாவது நாவல் வெளிவந்தபோது அக்கா ஏழு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியதாகச் சொல்லியிருந்தேன். புத்தகத்தைப் பற்றிப் பேசிய முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது.

"முந்தினதை விட இதுதான் சுத்தமா இருக்கு," என்றார் பல் டாக்டர். "நாலாவதுல நடுவுல நூறு பக்கம் பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் படிச்சேன்."

"உங்களுக்குப் பல்லுன்னா தொழில் டாக்டர், கடிச்சா என்ன," என்றாள் தபால்காரம்மா. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவள். ஆறு நாவல்களையும் கிழிந்து தைக்கும் அளவுக்குப் படித்தவள். எல்லோரும் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "இதுல சின்ன நிலா சரியான நாள்ல வருது. எனக்கு அதுதான் இடிக்குது."

"சரியா வந்தா நல்லதுதானேம்மா?" என்றேன்.

"இருபது வருஷமா லேட்டா வீட்டுக்கு வர்ற மனுஷன் ஒருநாள் சொன்ன நேரத்துக்கு வந்து நின்னா, நீங்க சந்தோஷப்படுவீங்களா சார், சந்தேகப்படுவீங்களா?"

மறுபடி சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஓடக்காரி இந்தப் புத்தகத்துல ஒரு இடத்துலயும் அழல. வழி கேக்குறா, போறா, போய்ச் சேர்ந்துடுறா. பஸ் டைம்டேபிள் படிச்ச மாதிரி இருக்கு."

"வயசாக வயசாக எழுத்து பக்குவப்படும்மா," என்றார் டாக்டர்.

அவள் மேஜையில் இரண்டு தட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

வீட்டுக்கு வந்து புத்தகம் முழுவதையும் அட்டைகளோடு மறுபடி சரிபார்த்தேன். எட்டு நாள் ஆயிற்று. ஒரு பிசகு இல்லை. ஆறு நாவல்களில் அவர்கள் கண்டுபிடித்த தவறுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் தயாரித்து, வருடக்கணக்கில் சண்டை போட்டவர்கள் இவர்கள்தான். தவறில்லாத ஒன்றைக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். எங்கே பழுது என்று எனக்குத் தெரியவில்லை. இயந்திரம் ஓடுகிறது, சத்தம் மட்டும் மாறியிருக்கிறது என்பார்களே, அந்த மாதிரி.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஏழாவது நாவலை அக்கா எழுதி முடித்திருந்தாள் என்பது உண்மை. அவள் எழுதிய கடைசி அத்தியாயத்தில், ஓடக்காரி நாட்டின் வரைபடங்களையெல்லாம் ஓடத்தில் குவித்துத் தீ வைத்து நீரோட்டத்தோடு விட்டுவிடுகிறாள். அத்தோடு கதை முடிகிறது. இனி இந்த நாட்டைப் பற்றி எழுதப்போவதில்லை என்றாள். அப்படியானால் என் அட்டைகள் என்னாவது என்று கேட்டேன்.

"எடைக்குப் போடு," என்றாள். "நீ வரைஞ்சது படம்டா. நாடு என் தலைக்குள்ள இருக்கு."

அவள் சொன்னது சரி. பிரச்சினை அங்கேதான் இருந்தது.

ரத்தம் உறையாமலிருக்க அக்கா தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறையுள்ள பெட்டி. அவளுக்கு மறதி அதிகம் என்பதால் ஞாயிறுதோறும் கூட்டத்துக்குக் கிளம்பும் முன் நான்தான் நிரப்பி வைப்பேன். வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. எலும்புக்குச் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையிலும் அப்படியே ஒன்று கிடைக்கிறது. பதினான்கு வாரம் அதை வைத்தேன். நீங்கள் விஷம் என்ற சொல்லைப் பயன்படுத்தினீர்கள். நான் எதையும் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பதினைந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, எழுதும் மேஜையிலேயே சரிந்தாள். கண் திறந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லும் முன் கடைசி அத்தியாயத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் அல்லவா. அதன் பிரதிகள் மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடந்தன. அவளிடம் ஒழுங்கு கிடையாது. எல்லாவற்றையும் தேடி எடுத்து எரித்து முடிக்க நான்கு மணி நேரம் ஆனது. உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சு வந்திருக்கும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அது அவருடைய அனுமானம்.

அதன் பிறகு அவளுக்கு இடது ஆட்காட்டி விரல் மட்டும் அசைந்தது. நன்றாகவே கவனித்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ஏழாவது நாவலை முதலிலிருந்து நானே மறுபடி எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். சில சமயம் விரல் கட்டில் கம்பியில் படும். நரம்புத் துடிப்பு என்று நினைத்தேன். துடிப்பு எப்போதும் மூன்று மூன்றாக வந்தது.

கூட்டம் நடந்து மூன்றாவது வாரம் தபால்காரம்மா அக்கா பெயருக்கு ஒரு பதிவுத் தபால் கொண்டுவந்தாள்.

"அவங்க கையெழுத்துதான் சார் வேணும்."

"கை வராதும்மா. நான் போடுறேன்."

அப்போது உள்ளறையில் மூன்று தட்டுக் கேட்டது.

"தண்ணிக் குழாய்," என்றேன்.

அவள் என்னிடம் நீட்டிய பேனாவைத் திரும்ப எடுத்து, அதன் முனையால் நிலைக்கதவில் ஒருமுறை தட்டினாள். உள்ளே உடனே மூன்று தட்டு. இம்முறை வேகமாக.

"பதில் சொல்ற குழாயை இப்பத்தான் சார் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுத் தபாலோடு திரும்பிப் போனாள்.

கட்டில் கம்பியில் கம்பளித் துணியைச் சுற்றினேன். அதன்பின் சத்தம் வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்றால் விரல் அசைவது மட்டும் தெரியும்.

தபால்காரம்மா புகார் கொடுத்து, நீங்கள் வந்து, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளை நான் வீணாக்கவில்லை. எட்டாவது நாவலின் முதல் படி ஏற்கெனவே தயாராக இருந்தது. தபால்காரம்மா சொன்னதை மனதில் ஓட்டிக்கொண்டே அதைப் புரட்டியபோதுதான் பழுது இருந்த இடம் கண்ணில் பட்டது. அக்காவின் நாட்டில் நிலா கணக்குக்கு உதிப்பதில்லை, அழுகிறவர்களுக்காக உதிக்கிறது. அது ஒரு விதி. விதி என்று தெரிந்துவிட்டால் அட்டவணை போடலாம்.

ஓடக்காரியை இருபத்து மூன்று இடங்களில் அழவைத்தேன். இருபத்து மூன்று இடங்களிலும் சின்ன நிலாவைத் தப்பான நாளில் உதிக்கவிட்டேன். எதுவும் தப்பிப் போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. முடித்ததும் அக்காவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் நான் எதையும் செய்ததில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் விரலைப் பார்த்தேன். இரண்டு தட்டினாள். சற்று நேரம் கழித்து, மறுபடி இரண்டு.

தவறு போதாது என்கிறாள் என்று புரிந்தது. இன்னும் இரண்டு சேர்த்தேன். இப்போது இருபத்தைந்து.