வெள்ளிப் பென்சிலைக் கொண்டுவந்தவர்

திகதி: 2026.03.09. நேரம்: மு.ப. 10.20.

பெயர்: டோரீன் மேரி பத்திநாதன். வயது: 79. விதவை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. மதம்: ரோமன் கத்தோலிக்கம். முகவரி: இல. 14/2, மேல் வீதி, ஹட்டன். வாக்குமூலம் அளிப்பவரின் வேண்டுகோளின்படி, அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதப்பட்டது.

எனக்கு மறதி நோய் வந்துவிட்டதாக மேல் வீதியிலும் தேவாலய வளவிலும் சொல்லப்பட்டு வருகிறது. அது சரியல்ல. கடந்த மார்ச் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வீரய்யா என்பவரை எனக்குத் தெரியாது என்று என் வீட்டு வாசலில் வைத்துப் பொலிசாருக்குச் சொன்னேன். அது மறதியால் சொன்னதல்ல. தெரிந்துகொண்டே சொன்ன பொய். அதைத் திருத்துவதற்காக இன்று நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை.

நான் பழைய திருகு பென்சில்களைச் சேர்த்து, அவற்றைப் பற்றி ஆராய்ந்து வருகிறேன். சீவத் தேவையில்லாமல், உள்ளே குச்சியைப் போட்டுத் தலையைத் திருகினால் முனை வெளியே வரும் பென்சிலையே அப்படிச் சொல்கிறேன். என் கணவர் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார். 2009 இல் அவர் இறந்தபோது அவருடைய சட்டைப் பையில் இருந்த பென்சில் திருகாமல் இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றி மறுபடி பூட்ட எனக்கு நான்கு மாதங்கள் சென்றன. அதன்பின் மற்றவற்றையும் தேடத் தொடங்கினேன். இன்று என்னிடம் அறுபத்து மூன்று பென்சில்கள் உள்ளன. பொலிசார் வசம் உள்ளதையும் சேர்த்து இந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

வீரய்யா, வயது ஐம்பத்தேழு, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் வசிப்பவர். வீடு வீடாகச் சென்று போத்தலும் பழைய இரும்பும் வாங்குபவர். 2017 இல் போத்தல் எடுக்க வந்தபோது என் மேசையில் பென்சில்களைக் கண்டார். அதன்பின் மூன்று கிழமைகள் கழித்து, மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்றின் சாமான்களில் கிடைத்ததென்று ஒரு பென்சிலைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு வருவார். பென்சில் கிடைக்காத கிழமைகளிலும் வருவார். முதல் இரண்டு வருடங்கள் அவருக்குத் தேநீரை வேறு கோப்பையில் கொடுத்தேன். அதன்பின் அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் மகன் வெளிநாட்டில் இருக்கிறார்; மாதத்தில் இரண்டு ஞாயிறு தொலைபேசியில் பேசுவார். வீரய்யாவைத் தவிர வேறு எவரும் என் முன்னறையில் வந்து உட்காருவதில்லை.

இவ்வருடம் ஜனவரி 17 ஆம் திகதி சனிக்கிழமை, கினிகத்தேனையில் இடிக்கப்பட்ட கடையொன்றின் மேசை லாச்சியில் கிடைத்ததென்று அவர் ஒரு வெள்ளிப் பென்சிலைக் கொண்டுவந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் முத்திரையைப் பார்த்தேன். சிங்கமும் நங்கூரமும் இருந்தபடியால் பர்மிங்ஹாம் நகரில் முத்திரையிடப்பட்டது என்று கண்டேன். தலைப்பக்கத்தில் யாரோ கடித்த இரண்டு பல் தடங்கள் இருந்தன. வீரய்யா அதைப் பார்த்து, “இத கடிச்சவரு காலையில சாப்புடாம வேலைக்கு வந்திருக்காரு போல மிஸ்” என்றார். நான் சிரித்தேன். அது என் கொப்பிப் பதிவில் இல்லை.

ஒரு பென்சில் வந்த அன்றே, அதனுள் ஏற்கெனவே கிடக்கும் பழைய குச்சியாலேயே அதைப் பற்றிய பதிவை எழுதுவது என் முறை. பேனாவைத் தொடுவதில்லை. இந்தப் பென்சிலில் இருந்தது, ஈரம் பட்டால் ஊதா நிறமாகும் காப்பிப் பென்சில் குச்சி. அதனாலேயே என் கொப்பியின் 63 ஆம் பதிவை எழுதினேன். பல் தடங்களை அளந்து வரைந்தேன். அதன்பின் அதன் முனைக் குழாயில் வெடிப்பு இருந்தபடியால், பெப்ரவரி 28 ஆம் திகதி சனிக்கிழமை, நகைத் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்து ஒட்டிக்கொண்டு வரும்படி அதை வீரய்யாவிடம் கொடுத்தேன். அவர் நான்கு மணிக்குப் புறப்பட்டார்.

அதற்கு முதல்நாள் தோட்டத்து பங்களா ஒன்றில் வெள்ளிப் பென்சில் உட்படச் சில பொருட்கள் களவு போனதாக முறைப்பாடு இருந்தது எனக்குத் தெரியாது. பஸ் நிலையத்தில் வீரய்யாவின் பையைச் சோதித்து, பென்சிலைக் கண்டு, அவரைக் கைது செய்ததாகப் பின்பு அறிந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து அயலவர்களான ஷிராணியுடனும் அவருடைய கணவர் றொனால்டுடனும் நான் வாசலுக்கு வந்தபோது பொலிஸ் ஜீப் நின்றது. சார்ஜன்ட் இறங்கி, “மேடம், வீரய்யான்னு ஒருத்தர் சனிக்கிழமையில ஒங்க வீட்டுக்கு வந்து போறதா சொல்றாரு. நீங்க அவருக்கு சிநேகிதமாம்” என்றார். றொனால்ட் என் பக்கம் திரும்பி, “அடடே, டோரீன் அக்காவுக்குப் போத்தல்காரர் சிநேகிதமா?” என்றார். ஷிராணி தன் செபமாலையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான், “எனக்கு அந்த ஆளைத் தெரியாது. என் வீட்டுக்கு அப்படி யாரும் வர்றதில்ல” என்று சொன்னேன். சார்ஜன்ட் எழுதினார். நான் படித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டேன். அதன்பின் உள்ளே சென்று தொப்பியையும் கையுறையையும் கழற்றினேன். மேசையில் இரண்டு கோப்பைகள் முதல்நாள் கழுவாமல் இருந்தன. ஒன்றைக் கழுவினேன்.

நான் சொன்னதை வைத்து அவர் மார்ச் 13 ஆம் திகதி வரை விளக்கமறியலில் வைக்கப்பட்டுள்ளார். அவர் என் வீட்டுக்கு வருவதைக் கண்டிருந்த சிலர், எனக்கு மறதி வந்துவிட்டதென்று பேசத் தொடங்கினர்; ஆறு நாட்கள் நான் அதைத் திருத்தவில்லை.

மார்ச் 7 ஆம் திகதி சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமி. நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ஒங்களுக்கு ஞாபகம் இல்லாமப் போச்சுன்னு ஊரே சொல்லுது மிஸ். நா நம்பல. எங்க பேத்தி பொறந்த தேதியை இவரு மாத்திச் சொல்ல, நீங்கதான திருத்துனீங்க? அதை வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சாரு” என்றார். பின்பு, “ஒங்கள ஏசறதுக்கு வரல. அவரு அங்க வேற யாரையும் கூப்புடச் சொல்லல. மிஸ் வருவாங்கன்னு மட்டும் சொல்றாரு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் போகும்வரை வாசலில் நின்றேன். சொல்வதற்கு ஒரு பொய் மிச்சம் இருந்தது. ஊர் அதைத் தயாராக வைத்திருந்தது.

இன்று இந்த வாக்குமூலத்தை எழுதும் உத்தியோகத்தரும், “அம்மா, ஞாபகம் இல்லாம சொல்லிட்டதா போட்டுக்குவோமே, ஒங்களுக்கும் கரச்சல் இல்ல” என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். நான் மறுத்தேன். நான் மறதிக்காரி என்று எழுதப்பட்டால், என் கொப்பியும் மறதிக்காரியின் கொப்பியாகும். ஜனவரி 17 ஆம் திகதி என்று அதில் எழுதியிருப்பதை எந்த நீதவானும் நம்பமாட்டார். ஆகவே நான் பொய் சொன்னேன் என்றே எழுத வேண்டும். பொலிசாருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்பதை அறிவேன்.

என் கொப்பியை இத்துடன் ஒப்படைக்கிறேன். பொலிசார் வசம் உள்ள பென்சிலின் பல் தடங்களை 63 ஆம் பதிவின் படத்துடன் ஒப்பிடலாம். அதே பென்சிலால் ஒரு கோடு கீறி, அதையும் என் பதிவின் கடைசி வரியையும் ஈரத் துணியால் தொட்டுப் பார்க்கலாம். கடைசி வரி அழிவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. களவு போனதாகச் சொல்லப்படும் நாளுக்கு ஏறக்குறைய ஆறு கிழமைகளுக்கு முன்பே அந்தப் பென்சில் என் வீட்டில் இருந்தது. வீரய்யா என் வீட்டுக்கு வருகிறவர். ஒன்பது வருடமாக வருகிறார். இதை நீதிமன்றத்தில், யார் முன்னிலையிலும் சொல்வேன்.

எழுதப்பட்ட அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நானும் கண்ணாடி அணிந்து ஒருமுறை வாசித்தேன். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. இது உண்மை. யாருடைய தூண்டுதலாலும் சொல்லப்பட்டதல்ல.

என் முதல் வாக்குமூலம் நீக்கப்பட்டதா, இந்த வாக்குமூலமும் கொப்பியும் மார்ச் 13 ஆம் திகதி நீதவான் முன் வைக்கப்படுமா என்பதை, அத்திகதிக்கு முன்னர் மேற்கண்ட முகவரிக்குத் தமிழில் எழுத்து மூலம் அறியத்தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிரதியொன்றை நாகலெட்சுமிக்கும் அனுப்பவும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.

(ஒப்பம்) டோரீன் மேரி பத்திநாதன்