தாலி மட்டும் வரவில்லை

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டு இளைஞர் பக்கத்திலிருந்த தன் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"மச்சான், தங்கச்சி கல்யாண வீடியோவுல எல்லாம் வந்துடுச்சு, தாலி கட்டுறது மட்டும் வரல."

மச்சான் அசரவில்லை.

"டோரண்ட்லதானே இறக்குற, ஆளுக்கு ஆளு துண்டு துண்டா குடுத்து வாங்கிக்கறது? வைஃபைய வுட்டுட்டு கேபிளைச் சொருகு. அப்லோடை அடைச்சு வச்சிருந்தா தொறந்து வுடு. நாம குடுத்தாத்தான் மத்தவங்களும் நமக்கு வேகமா குடுப்பாங்க."

"எல்லாம் பண்ணிட்டேன். குன்னத்துச் சித்தப்பா, உடையார்பாளையத்து அத்தை, எல்லாருக்குமே தொண்ணூத்தெட்டு சதவீதத்துலதான் நிக்குது."

"அப்ப முழுசா வச்சிருக்கற ஆளு கம்ப்யூட்டரை அணைச்சுட்டான். அவனப் புடி, உடனே வந்துடும்."

"ஸ்டுடியோக்காரரு அழிச்சுட்டாரு. இப்ப முழுசா வச்சிருக்கறது ஒரே ஆளுதான்."

"யாரது?"

"நீங்கதான். வீடியோ வந்த கையோட கம்ப்யூட்டரை அணைச்சு, துணி போட்டு மூடி வச்சிட்டீங்களாம். அக்கா சொல்லுச்சு."

மச்சான் அதே தெம்போடு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அந்தத் துணிய எடுத்துட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணு. உன் தங்கச்சிக்கு இன்னும் தாலி கட்டல, சொந்தக்காரங்க எல்லாரும் காத்துக் கெடக்குறாங்க."