பொறுங்கடா அண்ணன் பாய்ந்து போகவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் மின்வாரியத் தலைவர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, கம்பத்தில் ஏறிப் பழகிய கைகளை இன்று எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லைன்மேன் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுப்பார். இழுக்கட்டும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நான் இன்று இறங்கப் போவதில்லை.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் மறைந்த நம் ஃபோர்மேனை மாவீரர் என்றார்கள். ஆபத்தைத் துச்சமாக மதித்தார் என்றார்கள். பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள்: "கடமை அழைத்தது, பாய்ந்து சென்றார்." நல்ல வாசகம். கேட்டவர்கள் எல்லாம் நெகிழ்ந்து போனார்கள். அதை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

தோழர்களே, அது பொய்! இருபத்தேழு ஆண்டு வேலையில் அவர் ஒருநாளும் எதன்மேலும் பாய்ந்தவரில்லை. எந்தக் கம்பத்தில் யார் காலை வைத்தாலும் கீழேயிருந்து வரும் முதல் சொல் என்ன? "பொறுங்கடா!" அதுதானே? பூட்டைத் திறக்கப் போனால் பொறுங்கடா, டீ குடிக்கப் போனாலும் பொறுங்கடா. அதனால்தானே அவருக்குப் பொறுங்கடா அண்ணன் என்று பெயர் வந்தது! சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் பணிமனையில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் துணைமின்நிலையங்களில் வீட்டளவு பெரிய மின்மாற்றிகள் நிற்கின்றன. ஒன்று போனால் இன்னொன்றைச் செய்து கொண்டுவர ஒன்றரை வருடம் ஆகும். அதை உடைக்க வருவதோ ஸ்கூட்டர் சத்தத்தோடு பறந்து வரும் ஒரு ட்ரோன். இரண்டு பேர் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் அதன் கனம். ஏவுகணை வந்தால் இன்னும் மோசம், சத்தம் கேட்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஆனால் எங்களைக் கொல்வது முதலில் வருவது அல்ல. முதலில் வருவது இயந்திரத்துக்கு. அது உடைந்தால் சரிசெய்ய ஆள் வருவானல்லவா? இரண்டாவது வருவது அந்த ஆளுக்கு! போர் தொடங்கிய இரண்டாம் மாதம் பக்கத்துப் பணிமனையில் நான்கு பேரை இப்படித்தான் இழந்தோம். அவர்களை எடுத்து வந்தவர் நம் அண்ணன்.

அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார். அடி விழுந்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் யாரும் போகக் கூடாது. அரை கிலோமீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது யார் தொல்லை கொடுப்பார்கள்? எதிரியா? இல்லை, என்னைப் போன்ற அதிகாரிகள்! "போயாச்சா, போயாச்சா" என்று போனில் நச்சரிப்போம். அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். குழுவில் உள்ள ஆறு பேரின் போனையும் வாங்கி, ஒரு பெரிய எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். நேரம் ஆனால்தான் எழுந்திருப்பார். கோழி அடைகாப்பது போல இருக்குமாம். "என்னண்ணே, குஞ்சு பொரிச்சிடுச்சா?" என்று கேட்டுக் கேட்டே பையன்கள் நேரத்தை ஓட்டுவார்களாம்.

நம் லைன்மேன் ஏணி அங்கே மூன்றாவது வரிசையில் தலை தெரிய உட்கார்ந்திருக்கிறார். அவர் உயரத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது! ஒருநாள் அவர் முடிவெட்டும் கடையில் பாதி முகம் மழித்த நிலையில் இருந்தபோது வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். ஏணி நாற்காலியிலிருந்து குதித்துத் தரையில் குப்புற விழுந்தார். கடையே சிரித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் சிரிக்கவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு இறங்கி வந்து ஏணியின் பக்கத்தில் படுத்தார். "எனக்கும் முதுகு வலிக்குதுடா. கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போலாம்" என்றார். பயந்தவனைத் தனியாக விடக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. இந்தப் போர் நம் ஊழியர்களை என்ன செய்து வைத்திருக்கிறது என்று எந்த அறிக்கையில் எழுதுவோம் தோழர்களே? ஸ்கூட்டர் சத்தத்துக்கு நடுங்குகிறவர்களுக்கு என்ன மருந்து வைத்திருக்கிறோம்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

கட்டுப்பாட்டு அறைப் பொறியாளன் நான். சென்ற மாதம், குழுக்கள் போனை எடுப்பதில்லை என்று மேலிடத்துக்குப் புகார் போனது. நான் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். "பணியில் இருக்கும் எவரும் எந்நேரமும் அழைப்பை ஏற்க வேண்டும்." ஆறே வரி, ஒரு பிழை கிடையாது. எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் என் அறைக்கு வந்து நின்றுகொண்டே அதைப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார். வானத்துக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறு நாளைக்கு முன், காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு மேற்குத் துணைமின்நிலையத்தில் அடி விழுந்தது. என் கட்டுப்பாட்டுப் பலகையில் ஆஸ்பத்திரி லைனின் விளக்கு அணைந்தது. அண்ணனின் குழு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியது. டப்பா அன்றும் வண்டியில் இருந்தது. ஆனால் அதில் போன் இல்லை, அவருடைய மதியச் சாப்பாடு இருந்தது. சுற்றறிக்கை வந்துவிட்டதே!

நான் அழைத்தேன். "இன்னும் நேரம் ஆகல சார்" என்றார். மறுபடி அழைத்தேன். என் மேலதிகாரி என்னை அழைத்தார், நான் அண்ணனை அழைத்தேன். நான்காவது முறை அவர் கேட்டார்: "ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்? அங்க ஜெனரேட்டர் இருக்கு. அங்க வேலை பாக்குற எங்க வீட்டம்மாவக் கேக்கலாம்னா வார்டுக்குள்ள போனை விடமாட்டாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் போர்டுல இருட்டா இருக்குண்ணே. இதுக்கு மேல யாரைக் கேக்கணும்?"

தோழர்களே, அண்ணனை ஒன்பது முறை அழைத்தேன். ஆஸ்பத்திரியை ஒருமுறைகூட அழைக்கவில்லை. அந்த எண் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது.

ஒன்பதாவது அழைப்பில் நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. விசாரணையில் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. இன்று அவர் முன்னால் சொல்கிறேன். "அங்க ஒரு நோயாளி செத்தா நீங்க பொறுப்பேத்துப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

அவர், "சரி சார், கோபப்படாதீங்க. நான் போறேன். பசங்க இங்கயே இருக்கட்டும்" என்றார். ஏணி கூடப் போக எழுந்திருக்கிறார். "பொறுங்கடா" என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்திருக்கிறார். பக்கத்து லைனிலிருந்து இணைப்புக் கொடுக்க ஒரு சுவிட்சைத் திருப்ப வேண்டும், ஓர் ஆள் போதும். பதினொன்று ஏழுக்கு என் பலகையில் விளக்கு எரிந்தது. "அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தேன். பதினொன்று ஒன்பதுக்கு அணைந்தது.

அந்த இரண்டாவது ட்ரோனை ஏவியவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவனும் எங்கோ ஏசி அறையில், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்?

மூன்றாம் நாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். அவர் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் கொடுக்கத்தான் அண்ணன் உயிரைக் கொடுத்தார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "லைட்டு எரிஞ்சிட்டுதான் சார் இருந்துச்சு. நாலாவது நிமிஷமே ஜெனரேட்டரப் போட்டுட்டாங்க. அந்த வெளிச்சத்துலதான் நான் ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். வந்து இந்தப் பதாகைக்கு வாசகம் எழுதினேன். என்ன மனிதன் நான்!

அண்ணி, உங்கள் கணவர் அவசரக்காரர் அல்ல, அசட்டுத் துணிச்சல்காரரும் அல்ல. அவருக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தால்தான் ஐந்து குடும்பங்கள் இன்று பிழைத்திருக்கின்றன. அவர் பாயவில்லை. நான் தள்ளினேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மகள் வளர்ந்து, அப்பா ஏன் அன்று காத்திருக்கவில்லை என்று கேட்டால், அவர் காத்திருந்தார் என்று சொல்லுங்கள். என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த மேசையில் படத்துக்கு முன்னால் இருப்பது அந்த டப்பாதான். அன்று திறக்காத சாப்பாட்டோடு ஏணி அதை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணி கழுவித் துடைத்து இன்று காலை பணிமனைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். "பசங்களுக்கு வேணும்ல" என்று மட்டும் சொன்னாராம். நான் அவரிடம் உண்மையைச் சொல்லும் முன்பே அவருக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

தலைவர் அவர்களே, என் சுற்றறிக்கையை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டா என்று நாளை விசாரியுங்கள். ஒன்பதாவது அழைப்பைப் பற்றியும் சேர்த்தே விசாரியுங்கள், எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பதாகையை யாராவது இறக்கிவிடுங்கள்.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட உரையை முடிப்பார்கள். அவர் வேலை என்ன? கம்பி இழுப்பது மட்டுமா? ஆறு பேராகப் போய் ஆறு பேராகத் திரும்புவது! அதைத் தொடர்வோம். இனி என் கை முதலில் ஆஸ்பத்திரி எண்ணைத்தான் சுற்றும். ஆனாலும் தோழர்களே, என்னை நம்பாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவனுக்கும் புத்தி மாறிவிடுகிறது. ஏணி, டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த அடி விழுந்ததும் எல்லார் போனையும் அதில் போட்டு மூடி, மேலே உட்காருங்கள். அது உள்ளே அடித்துக்கொண்டே இருக்கும். நானாகத்தான் இருப்பேன். எடுக்காதீர்கள்.