பீடத்தடி மண்

— அத்தான், ரெண்டு பொட்டலத்துலயும் நீங்கதான பேரெழுதுனிய?

— ஆமா. ஒண்ணு வயல் மண்ணு, ஒண்ணு கோயில் மண்ணு. ஏம்லே, மாத்தி எழுதிட்டேனா?

— மாத்தியிருந்தா நல்லாருக்கும். எங்க லேபுக்கே மனசு கேக்கல.

— செந்திலு, காலேஜுல வெளையாடுத மாரி எங்கிட்ட வெளையாடாத. ஒங்கக்காளுக்கு ஏழாம் மாசம். ரெண்டு பிள்ள வயித்துல தங்காமப் போச்சு. இதாவது தங்கணும்னுதான் மூணு வருசமா பூச்சிமருந்தே அடிக்கல. வயலு சுத்தமாயிட்டா, இல்லியா?

— பாதி சுத்தம்.

— மீதி?

— அதுல பாதி போக இன்னும் அம்புட்டு வருசம். பெறகு அதுலயும் பாதி. மொத்தமாப் போச்சுன்னு சொல்ல எங்க வாத்தியாருக்கே வாய் வராது.

— வெயிலு, மழை, மண்புழு எல்லாஞ் சேந்து மக்கடிச்சிரும்னியேலே.

— மக்கும். சிலது மக்கி, அதவிட மோசமா ஒண்ணாவும். அப்பன் எந்திரிச்சுப் போனா அதே நாக்காலில மவன் வந்து உக்காருவான்.

— சரி, கோயில் மண்ணு?

— நான் கேட்டது மருந்தே படாத மண்ணு, ஒப்பிட்டுப் பாக்க. எங்கன எடுத்திய?

— மாடன் பீடத்தடியில. ஒருநாளும் கலப்பை படாத எடம்லே. செருப்போட மிதிக்க மாட்டோம்.

— வயல விட நாலு மடங்கு மருந்து இருக்கு.

— மிஷினு கோளாறு.

— திரும்பவும் ஓட்டிட்டேன். மிஷினுக்குச் சாமி பயம் இல்ல. நீங்க முன்ன மருந்தடிச்ச டேங்க எங்கன கழுவுவிய?

— வாய்க்கால்லயா கழுவ முடியும்? தாமிரபரணித் தண்ணி, மாடு கன்னு குடிக்கும். கோயிலுக்குப் பின்னால மேட்டுல கழுவி ஊத்துவோம். ஊரே இன்னைக்கும் அங்கனதான் ஊத்துது.

— மேட்டுல ஊத்துனா மழைக்குப் பீடத்தடிக்குத்தான வடியும்? வயல்லயாவது தண்ணி, எரு, உழவு இருக்கு. மருந்தத் தின்னு தீக்கக் கிருமி இருக்கு. அந்தக் காஞ்ச மண்ணுல அது அப்படியே கெடக்கும்.

— அம்புட்டும் அங்கனயே கெடக்கா?

— ஆமாத்தான். விடுங்க. அங்கன யாரும் நெல்லு போடப் போறதில்ல. அந்த மண்ணு யாரு வாய்க்கும் போவாது.

— மசக்கையிலருந்து ஒங்கக்காளுக்கு மண்ணு திங்க ஆசைலே. வயல் மண்ணு வேண்டாம்னு, நாந்தான் தெனமும் அங்கருந்து அள்ளிக் குடுத்தேன்.